சிவப்புக் காராமணிக்கு நான் போட்ட ஃபெயில்

விதைச் சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். சாதனைகளைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. முப்பத்தோரு வருடம் விதைகளை எண்ணினேன், ஓய்வு பெற்றேன், இப்போது மூலக்குளத்தில் முழங்கால் வலியோடு இருக்கிறேன். ஆனால் தப்புகளை யோசித்தால் வரிசையில் வந்து நிற்கின்றன. அதில் மிகவும் அவமானமானது எதுவோ அதையே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு உங்களுக்குச் சப்பென்று இருக்கும்.

தாளை எப்படி நனைப்பது, விதையை எப்படி அடுக்குவது, எப்படிச் சுருட்டி நிறுத்துவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் வேறு சொல்லி உங்களைத் தூங்க வைக்க வேண்டாம். கையேட்டில் இருந்தும் யாரும் சரியாகப் படிக்காத ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கதை.

பத்து வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். வில்லியனூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து செங்கேணி என்று ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தெட்டு, ஐம்பது. கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் வெள்ளைக் காராமணி, இன்னொன்றில் சிவப்புக் காராமணி. இரண்டும் தன் கொல்லையில் விதைக்கென்றே விளைவித்தது.

"மேடம், போன வருசம் வெளிய வாங்குன வெதை பாதிதான் மொளைச்சுது. அதான் எங்க ஊர்ல பன்னெண்டு பொம்பளைங்க கிட்ட சொல்லிட்டேன், இந்த வருசம் யாரும் வெதை வாங்காதீங்க, நான் குடுக்கறேன்னு. மழை எறங்குனதும் போடணும். நீங்க பாத்து எழுதிக் குடுத்தீங்கன்னா தைரியமா குடுத்துடுவேன்."

"யாரும் கேட்டாங்களாம்மா, சீட்டு வேணும்னு?"

"யாரும் கேக்கல. நானாத்தான் வந்தேன். என் வாயால நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கும் நீங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல."

இதைக் கவனியுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தி வந்தவர் அல்ல. நம் காகிதத்தை நம்பித் தானாக வந்தவர். பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கை நம் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

காராமணியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரகத்துக்கு ரகம் குணம் வேறு. வெள்ளைத் தோல் ரகம் அவசரக்காரி. தண்ணீரைக் கண்டதும் மடமடவென்று குடித்து உப்பும், மெல்லிய தோல் வெடிக்கும், உள்ளே இருக்கும் இனிப்பு கசியும். பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. சிவப்பு அழுத்தக்காரி. தோல் தடிப்பு, மெதுவாகக் குடிக்கும், பூஞ்சையைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. இது எனக்கு அன்றைக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள் செய்கிற தப்புக்குத்தான் மன்னிப்புக் குறைவு.

வியாழக்கிழமை விதைகளைத் தாளில் வைத்தோம். ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, எட்டாம் நாள் கடைசி எண்ணிக்கை. சுருள்களை முளைப்பு அறையில் வைத்துவிட்டு வந்த அந்துவான் விரலை மடக்கி எண்ணினார். அந்துவான் நம் கூடத்தின் உதவியாளர். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அம்மாவுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது, தம்பி தங்கைகள் எல்லாம் பிரான்சில். இவர் மட்டும் இங்கேயே விதை அடுக்கிக்கொண்டு இருந்தார்.

"மேடம், எட்டாம் நாளு வெள்ளிக்கெழம. அன்னிக்கு வீராம்பட்டினம் தேராச்சே."

"ஆமா. மறுநாள் சுதந்திர தினம். அதுக்கு மறுநாள் ஞாயிறு."

புதுச்சேரிக்காரர்களுக்கு விடுமுறைக்கா பஞ்சம்.

"அப்ப நான் வெள்ளிக்கெழம காலையில வந்து எண்ணி வெச்சுட்டுப் போறேனே. எனக்கு என்ன, பதினோரு மணிக்கு மேலதான் தேருக்குப் போவேன்."

"வேணாம் அந்துவான். திங்கக்கெழம நானே பாத்துக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு காரணம், அப்போது நான் அரியாங்குப்பத்தில் குடியிருந்தேன், தேரன்று வீடு நிறைய விருந்தாளிகள், என்னால் வர முடியாது. இன்னொரு காரணம், என் கையெழுத்துப் போடுகிற எண்ணிக்கையை ஓர் உதவியாளர் எண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் பிடிக்கவில்லை. இப்படி வெளிப்படையாகச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முதல் எண்ணிக்கை. வெள்ளையில் பூஞ்சை அப்போதே நன்றாகப் பிடித்திருந்தது. சிவப்புச் சுருள்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடிபட்டு உடைந்த விதைகளில் மட்டும் கறுப்புத் தூள் தெரிந்தது. அழுகியதை அன்றே பொறுக்கி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் தாவும். அன்று மதியம் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. கடைசி எண்ணிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே சுருட்டி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை, பதினோராம் நாள், சுருள்களைப் பிரித்தேன். வெள்ளை, சிவப்பு என்று வித்தியாசமே தெரியவில்லை. எல்லாத் தாளிலும் சாம்பல் நிறப் பஞ்சு, அதன் மேல் கறுப்புப் பொடி. மூக்கை மூடிக்கொண்டு எண்ணினேன். பூஞ்சை மூடிய நாற்றையெல்லாம் அழுகிய நாற்று என்று தள்ளினேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மாதிரியும் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செங்கேணி காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது. முடிவு கைக்கு வந்ததும் விதையைப் பங்கிட்டுவிடலாம் என்று முதல் பேருந்திலேயே வந்துவிட்டிருக்கிறார். காகிதத்தைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

"சிவப்புமா மேடம்?"

"ரெண்டும்தாம்மா. பூசணம் புடிச்சிருக்குது."

"வெள்ளையில ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. அறுக்கறப்ப தூறல் போட்டுடுச்சு. சிவப்பு நல்ல வெய்யில்ல காஞ்சது."

நான் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நான் எழுந்துபோய் இன்னொரு முறை பார்த்திருப்பேன். பெரிய விதைக் கம்பெனிக்காரர்கள், தங்கள் விதை தேறவில்லை என்றால், நாலு பேரோடு வந்து குரலை உயர்த்துவார்கள், நாமும் உடனே சுருளைத் திரும்பப் பிரிப்போம். சத்தம் போடுகிறவருக்கு இரண்டு தடவை பார்க்கிறோம், "சரிங்க" என்று போகிறவருக்கு ஒரு தடவைகூடச் சரியாகப் பார்ப்பதில்லை. உங்களில் யாராவது இதை மாற்றினால் எனக்கு ஒரு தகவல் அனுப்புங்கள், சந்தோஷப்படுவேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பழைய சுருள்களைக் கொளுத்துவதற்காக எடுத்துப்போன அந்துவான், கழுவும் தொட்டி அருகில் நின்று கூப்பிட்டார்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க."

போனேன். சிவப்பு நாற்று ஒன்றை உள்ளங்கையில் வைத்திருந்தார். ஈர விரலால் பூஞ்சையை வழித்தார். பஞ்சு பிசுபிசுவென்று வந்துவிட்டது. அடியில் வேர் வெள்ளை வெளேரென்று, நுனிவரை முழுசாக இருந்தது.

"வுவாலா," என்றார். பாருங்கள் என்பதை அவர் எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வார். அன்றைக்கு அதைச் சத்தமில்லாமல் சொன்னார்.

கையேட்டில் யாரும் படிக்காத வரி என்றேனே, அது இதுதான். பூஞ்சை அந்த விதையின் உள்ளிருந்தே கிளம்பியிருந்தால் அது கெட்ட நாற்று. பக்கத்து விதையிலிருந்து தாவி வந்து மேலே படர்ந்திருந்தால், உறுப்புகள் எல்லாம் சரியாக இருக்கிறவரை அது நல்ல நாற்று. பக்கத்து வீட்டுக்காரனின் காய்ச்சலுக்கு இவளைப் படுக்க வைக்கக் கூடாது. அழுகியதைப் பொறுக்காமல் விட்டதும் நான். மூன்று நாள் கூடுதலாக ஈரத்தில் ஊற விட்டதும் நான். அதற்கெல்லாம் சேர்த்து விதைக்குத் தண்டனை எழுதியதும் நான்தான்.

வெள்ளை நாற்றுகளையும் வழித்துப் பார்த்தேன். விரலோடு வேரும் கூழாக வந்தது. தாளில் எண்ணிக்கை எடுக்கிற நிலை எல்லாம் தாண்டிவிட்டிருந்தது.

"செவப்ப மட்டும் மாத்தி எழுதிடலாம் மேடம்," என்றார் அந்துவான். "அந்தம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம். யாரு கேக்கப் போறாங்க?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை நல்லது, எத்தனை கெட்டது என்று அந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முதல் முடிவைப் பார்க்காமல் எழுதினேன். இரண்டாவதையும் பார்க்காமல் எழுதினால், இரக்கப்பட்டு எழுதினாலும் அது பார்க்காமல் எழுதியதுதான். அதிகாரியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுத்துல குடுங்க. நாம எடுத்து வெச்சிருக்கற கையிருப்பு மாதிரியில மறுபடி போடுங்க. மணல்ல போடுங்க, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவாது. அஞ்சாம் நாளே போதுமான அளவு நல்லா வந்துடுச்சுன்னா அதோட முடிச்சு எழுதலாம், விதியில எடம் இருக்கு."

மணலில் விதைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கிராமத்துக்குப் போனேன். கையிலிருக்கும் விதையைத் தொடாதீர்கள் என்று சொன்னால் போதும் என்பது என் கணக்கு. போன் செய்திருக்கலாம். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போய்ச் சேரும்போது சாயங்காலம் ஐந்து மணி. அம்மன் கோயில் வாசலில் நல்ல கூட்டம். செவ்வாய்க்கிழமைப் பூஜை முடிந்திருந்தது. செங்கேணி என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு ஓடிவந்தார். "வாங்க மேடம், இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, பெரிய அண்டாவிலிருந்து ஒரு தொன்னையில் சுண்டல் எடுத்து என் கையில் கொடுத்தார்.

சிவப்புக் காராமணிச் சுண்டல்.

"இது எந்தக் காராமணிம்மா?" என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"நம்ம வெதைதான் மேடம். மருந்து எதுவும் கலக்கல, பயப்படாதீங்க. வெதைக்கு ஆவாதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. திங்கறதுக்கு நல்லாத்தானே இருக்குது, சாமிக்காவது ஆவட்டும்னு ஆக்குனோம். மீதியில கொஞ்சத்த மிஷின்ல உடச்சு மாட்டுக்கு வெச்சிருக்கோம்."

"வெள்ளை?"

"அது வாடை அடிக்குதுங்க. அதப் போயி சாமிக்கு வெக்க முடியுமா? மூட்டையிலயே கெடக்குது."

நல்ல விதையாக இருந்ததால்தான் அது வெந்துவிட்டது. கெட்டது பத்திரமாக மூட்டையில் இருந்தது. தொன்னையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பிரசாதம். ஒரு வாய் போட்டுக்கொண்டேன். நன்றாக வெந்து, தேங்காய் போட்டு, ருசியாக இருந்தது. மென்று விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் கடித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கோயிலை விட்டுத் தள்ளிப் போய் செங்கேணியிடம் சொன்னேன். "சிவப்பு கெட்டுப்போகலம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். நாள் கழிச்சுப் பிரிச்சேன். அழுகுனதப் பொறுக்காம விட்டுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அண்டாவைச் சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். வாக்குக் கொடுத்த பன்னிரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள், விதைக்கு இருந்ததை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு. பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது.

"அப்ப வெள்ளையும் நல்லா இருக்குமா மேடம்?"

முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. நான் ஒரு தப்புச் செய்தேன் என்றால் இரண்டு தப்புச் செய்திருக்கக் கூடாதா என்ற நம்பிக்கை. வேர் கூழாக வந்ததை என் விரல் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் மணலில் போட்டிருக்கிறது. பார்க்காததைச் சொல்வதில்லை என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நம்பாதீங்கன்னுதான் சொல்வேன், ஆனா ரெண்டையும் மறுபடி போட்டிருக்கேன், ஞாயித்துக்கெழமதான் உறுதியா தெரியும்."

"சிவப்புல மீதி பாதி மூட்டை கெடக்குது. நாளைக்கே போட்டுடவா? ஈரம் இருக்குது. இன்னும் ஒரு வாரம் நிக்குமா என்னன்னு தெரியல."

போடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முந்தின நாள் காகிதத்தில் எழுதியபோதும் எனக்குச் சந்தேகம் இல்லை. "ஞாயிறு வரைக்கும் இருங்கம்மா. அந்தப் பாதியத் தொடாதீங்க. நான் வந்து சொல்றேன்," என்றேன். அவர் இந்த முறையும் "சரிங்க மேடம்" என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனைக்கூடத்தைத் திறந்தேன். அந்துவான் மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். "நீங்க எண்ணுங்க, நான் எழுதறேன்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பிறகு நான் எண்ணினேன், அவர் எழுதினார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனது. சிவப்பு மணலைப் பிளந்துகொண்டு நெருக்கமாக, ஒரே உயரத்தில் வந்திருந்தது. தேவையான அளவைத் தாண்டி நன்றாகவே வந்திருந்தது. வெள்ளை போட்ட தட்டில் பாதிக்கு மேல் மேலே வரவே இல்லை. தோண்டிப் பார்த்தோம். உள்ளேயே அழுகியிருந்தது.

அன்றே கிராமத்துக்குப் போனேன். சிவப்பு என்று சொன்னதும் செங்கேணி கை கூப்பினார். வெள்ளை என்றதும் தலையை மட்டும் அசைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வந்து சொன்னீங்களே மேடம்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை. ஈரம் இன்னும் போகவில்லை. மறுநாளே விதைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. என் கோப்பில் ஒரு விளக்கக் கடிதம் சேர்ந்தது, அவருக்குத் திருத்திய முடிவு போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

புரட்டாசியில் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினேன். காராமணி நன்றாக வந்திருந்தது. பூ விட்டு, பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. செங்கேணி கூடவே வந்து ஒவ்வொரு கொல்லையாகக் காட்டினார், இது இன்னார் கொல்லை, இது இன்னார் கொல்லை என்று. பன்னிரண்டையும் காட்டி முடித்தார். பக்கத்தில் ஒரு கொல்லை உழுது போட்டபடி வெறுமனே கிடந்தது. புல் முளைத்திருந்தது.

"இது யாருது?"

"என்னுதுதாங்க."

"நீங்க போடலியா?"

"பாதி மூட்டை அவங்களுக்குத்தான் சரியா இருந்துச்சு."

"உங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கலாமேம்மா."

"தரேன்னு அவங்களுக்குத்தானே மேடம் சொன்னேன். எனக்குத் தரேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று சிரித்தார்.

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னது இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. விளக்கக் கடிதம், திருத்திய முடிவு, மணல் தட்டின் எண்ணிக்கை எல்லாம் நம் கூடத்தின் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அந்த வெறும் கொல்லை மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால்தான் உங்களிடம் வாயால் சொல்லி வைக்கிறேன்.